அடுப்பு எரியாத நாளில் ஓர் அடுக்குப் பழம்

1

காலை ஏழரை மணிக்குச் சாந்திக்கு ஊசி போட்டேன். ஊசிக் குழாயைத் துடைத்து மறைத்து வைப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

ஸ்ரீரங்கத்தில் என் அண்ணன் வீட்டின் பின்கட்டில், கிணற்றை ஒட்டிய சிறிய அறையில் நின்றிருந்தேன். சாந்தி என் மகள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு, "யாரும்மா அழறாங்க?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பல நாளாகப் படுக்கையில் கிடந்தார்.

சமையலறையில் அண்ணி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அழுகுரல் கேட்டதும் கொல்லைச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா போயிட்டாரு" என்றாள். அடுத்த நொடியே எரிகிற விறகை வெளியே இழுத்துப்போட்டு, குடத்துத் தண்ணீரை அதன்மேல் சாய்த்தாள். பாதி வெந்த இட்லி பானைக்குள்ளேயே நின்றது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தெருவில் பிணம் கிடக்கிறவரை அந்த வரிசையில் அடுப்பு எரியாது, யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு உண்டு.

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாந்தி சாப்பிட்டாக வேண்டும். பினாங்கில் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஊசி மருந்து உள்ளே போனதும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். பின்னாலேயே சாப்பாடு போகாவிட்டால் முதலில் வேர்க்கும், பிறகு பேச்சு தடுமாறும், பிறகு மயக்கம். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மகள் நோயாளி. நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் அவள் நோயாளி என்பதை அந்த வீட்டில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

2

இந்த வாரத்தோடு அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது.

நேற்று இங்கே பினாங்கில் எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்காக எல்லாரும் கூடினோம். துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்களின் குடும்பங்கள்: எதிர்வீட்டுச் சீனத்து அம்மாள், கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள், நாங்கள். ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவருவது வழக்கம். "கமலா, உன்னுடைய அடுக்குப் பழம்தானே?" என்று சீனத்து அம்மாள் மலாயில் கேட்டாள். சரி என்று தலையாட்டினேன். எனாமல் பேசின் பாத்திரத்தை எடுத்து வைத்தேன், டின் பாலைத் திறந்தேன். எலுமிச்சையை அறுத்த வாசனை வந்தது. கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பண்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்பே வேண்டாத பண்டம் அது. சர்க்கரை போட்டுச் சுண்டிய கெட்டியான டின் பாலில் எலுமிச்சம்பழச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரே பக்கமாகக் கலக்கினால், அது தானாகவே உறைந்து தயிர்போலக் கெட்டியாகும். பேசினின் அடியில், குளிர்ந்த பாலில் நனைத்த பிஸ்கட்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். அதன்மேல் வில்லை வில்லையாக வாழைப்பழம். அதன்மேல் உறைந்த பால். அதன்மேல் மாம்பழம். மறுபடி பிஸ்கட். இப்படி மூன்று நான்கு அடுக்கு. இலையால் மூடி ஐஸில் வைத்துவிட்டால் சாயங்காலம் கத்தியால் வெட்டி எடுக்கலாம். வெயில் காலத்தில் பத்துப் பேர் வந்தால் இதைவிடச் சுலபமான விருந்து இல்லை.

ஊருக்குப் போன இடத்தில் ஒவ்வொரு உறவினர் வீட்டிலும் இதைச் செய்கிறேன் என்று நானே முன்வந்தேன். எல்லாரும் என்னைத் தாராளக்காரி என்று நினைத்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஐஸ். சாந்தியின் மருந்துப் புட்டி திருச்சி வெயிலில் கெட்டுவிடக் கூடாது. பினாங்கில் வீட்டு முதலாளியின் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் ஈரமணலில் புதைத்து வைத்தாலும் பகலில் மணலே சுட்டது. பலகாரம் செய்வதாகச் சொன்னால் சோடாக் கடையிலிருந்து மரத்தூளும் கோணியும் சுற்றிய ஐஸ் கட்டி வரும். ஐஸ் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி, புட்டியை வைத்துவிடுவேன்.

"கமலா வந்தாலும் வந்தா, சோடாக்கடைக்காரன் மாடி வீடு கட்டிடுவான்" என்று அண்ணன் சிரிப்பார்.

நானும் சேர்ந்து சிரிப்பேன்.

3

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார்.

சாந்திக்குப் பதினாலு வயதில் நோய் தெரிந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், மெலிந்துகொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கையில் கொடுத்து, "இது ஆயுசுக்கும்" என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரிதான். ஊசிக் குழாயைக் கொதிக்கவைக்க வேண்டும். சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சி நிறம் பார்க்க வேண்டும். பச்சை வந்தால் பரவாயில்லை, செங்கல் நிறம் வந்தால் அன்று முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன்பே அண்ணனும் நானும் ஒரு பேச்சு வைத்திருந்தோம். அண்ணன் மகன் செல்வம் மதராஸில் படிக்கிறான். சாந்திக்கு முறைப்பையன். "இன்னும் மூணு நாலு வருஷம் போகட்டும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை என்னைவிட்டு நகர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பெரியவர்களை "நீ" என்பாள். அவளுக்கு மலாயும் இங்கிலீஷும் கலந்த வாயில் மரியாதை விகுதி தங்குவதில்லை. சினேகிதிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டு விளக்கு வைத்த பிறகு வருவாள். அவளைத் திரும்ப ஊரில் கொண்டுபோய் நட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நோய் மாதிரியே பிடித்திருந்தது.

"சர்க்கரை வியாதின்னு தெரிஞ்சா யாரு எடுப்பாங்க?" என்று கணவரிடம் கேட்டேன். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் சாந்தியும் மட்டும் கப்பல் ஏறினோம்.

நாகப்பட்டினத்தில் சுங்கக்காரர் பெட்டியைக் கிளறி ஊசிகளைக் கண்டுபிடித்தார்.

"என்னம்மா இது, ஊசியா? டாக்டரா நீங்க?"

"இல்லீங்க. மருந்துக்கு."

"யாருக்கு மருந்து?"

பின்னால் வரிசையில் முசிறிப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றிருந்தார். கப்பலில் பழகியவர், அண்ணனையும் தெரிந்தவர். "எனக்குத்தான்" என்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். சீட்டில் சாந்தி, பாஸ்போர்ட்டில் நான் கமலா. "நில்லுங்க" என்று ஓரமாக ஒரு பெஞ்சைக் காட்டினார். வெயிலில் அங்கே கிடந்தோம். அந்த முசிறிக்காரர் வெளியே போன பிறகுதான் நான் எழுந்து போய் உண்மையைச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கேட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

"அவரு கேட்டது சரிதானே?" என்றாள் சாந்தி.

"இதோ பாரு, மாமா வீட்ல நீ வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பண்ணினாள்.

4

அண்ணியைப் பற்றி எனக்கு அந்த நாட்களில் ஒரு மனக்குறை இருந்தது. என் மகளுக்குச் சாப்பாட்டில் அவள் கணக்குப் பார்த்தாள். பாயசம் எல்லாருக்கும் வரும், சாந்தியின் இலைக்கு வரும்போது கரண்டி தாண்டிப் போகும். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு லட்டு என்றால் இவளுக்கு ஒரு முறுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையை இப்படி நடத்துகிறாளே என்று எரிச்சல். ஒருபக்கம் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. "எனக்குப் பிடிக்காது" என்று சாந்தி பொய் சொல்லவேண்டிய அவசியம் குறைந்தது. ஆனாலும் மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் காலையில் அண்ணி அடுப்பை அணைத்ததும் நான் செய்த முதல் காரியம், சமையலறை அலமாரியில் கைவிட்டு ஒரு வெல்லக்கட்டியை எடுத்ததுதான். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாந்தியின் வாயில் போட்டேன். திரும்பி வருவதற்குள் அண்ணி சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"இந்த வாண்டுங்க ரெண்டும் புகுந்துடும்" என்றாள். அவளுடைய கடைசிப் பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள். அவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும் கொடுத்தாள்.

"அண்ணி, சாந்திக்கும் ஒரு பழம் குடுத்துடலாமே. அவளும் குழந்தைதானே."

"அவளா குழந்தை? வேண்டாம் கமலா. ஒரு வேளை சும்மா கிடந்தா ஒண்ணும் ஆயிடாது. நல்லதுதான்."

அந்த "நல்லதுதான்" என் நெஞ்சில் தைத்தது.

என் கைப்பையில் குளுக்கோஸ் டப்பா இருந்தது. ஆனால் கைப்பை, பாஸ்போர்ட், நகை எல்லாவற்றையும் அண்ணன் முதல் நாளே வாங்கித் தன் இரும்பு பீரோவில் வைத்துவிட்டார். "மலாயாப் பொட்டின்னா திருடனுக்கு மூக்கு வேர்க்கும்" என்றார். அவரிடம் சாவி கேட்க முன்வாசலுக்கு ஓடினேன். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார். இறந்தவரின் ஒரே மகன் வையம்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். தந்தி போய்ச் சேர்வதற்குள் ஆளே போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று அண்ணன் புறப்பட்டிருந்தார். பீரோ சாவி அவர் அரைஞாணில் போய்விட்டது. மகன் வந்தால்தான் கொள்ளி. கொள்ளி போட ஆள் வந்தால்தான் எடுப்பார்கள். எடுத்தால்தான் அடுப்பு.

"அண்ணி, நானும் சாந்தியும் கொஞ்சம் தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

"பிணம் கிடக்கிற தெருவுல வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க போறே? வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க? மலாயாவுல எப்படியோ."

முன்வாசலில் துக்கத்துக்கு வந்த ஆண்கள் நிறைந்துவிட்டார்கள். பக்கத்து வீடு சின்னது, ஆகவே எங்கள் கூடத்திலும் உட்கார்ந்தார்கள். கொல்லை வழியாகப் பெண்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்தது நடுவில்.

பிறகு அண்ணியே வழி ஒன்றைத் திறந்தாள். அன்று மாலை முசிறியிலிருந்து சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. விடியற்காலையிலேயே ஐஸ் வந்திருந்தது.

"அவங்க எல்லாம் கிளம்பியிருப்பாங்க. வந்தா குடுக்க வீட்ல ஒண்ணும் இருக்காது. உன்னோடது அடுப்பில்லாத சமாசாரம்தானே? ஐஸ் கரையறதுக்குள்ள செஞ்சு மூடி வச்சுடு. ஆனா எடுக்கிறவரைக்கும் யாரும் வாய் வைக்கக் கூடாது. ருசி பாக்கறேன்னு கூட நாக்குல வைக்காதே."

"சரிங்க அண்ணி" என்றேன். எனக்கு அழுகை வந்தது. பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மாம்பழமும் வாழைப்பழமும் டின் பாலும்! கடவுளே கொடுத்த மறைப்பு என்று நினைத்தேன்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து மறுபடி பூட்டிவிட்டு, பாயையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு அண்ணி எங்களுக்கு முன்னால் பின்னறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"இங்கதான் கொஞ்சம் குளுமையா இருக்கு" என்றாள்.

5

அடுக்க ஆரம்பித்தோம். சாந்திதான் பிஸ்கட் வைப்பாள், எப்போதும் அது அவள் வேலை. விரல் நீண்ட பெண், வரிசை பிசகாமல் வைப்பாள். நான் பாலைக் கலக்கினேன். முசிறி வாழைப்பழத்தை வில்லை போட்டேன், கறுக்காமலிருக்க எலுமிச்சை தடவினேன். இமாம் பசந்து மாம்பழத்தை அண்ணியே தோல் சீவிக் கொடுத்தாள். அறை முழுவதும் அந்த வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி.

முதல் அடுக்கு நேராக இருந்தது.

வெளியே வாண்டுகள் சண்டை போட்டன. அண்ணி எழுந்து வாசல்படியில் நின்று அதட்டினாள். அந்த நேரத்தில் நான் ஒரு மாம்பழத் துண்டைச் சாந்தியின் வாயருகே நீட்டினேன். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம்" என்று கிசுகிசுத்தேன்.

"வேணாம். அத்தை பார்த்தா என்ன சொல்லுவே? நீதானே சத்தியம் வாங்கினே."

"சாந்தி, பிடிவாதம் பண்ணாதே."

"நான் நல்லாதான் இருக்கேன்."

அண்ணி திரும்பி வந்து உட்கார்ந்தாள். துண்டு என் கையிலேயே இருந்தது. அதைப் பேசினில் வைத்தேன்.

இரண்டாவது அடுக்குக்கு அவள் பிஸ்கட் எடுத்தபோது விரல் நடுங்குவதைப் பார்த்தேன். ஒரு பிஸ்கட்டின்மேல் இன்னொன்றை வைத்தாள். பாலில் நனைக்காமலே ஒன்றை வைத்தாள். ஓரத்தில் இடைவெளி விட்டாள். ஒரு மாம்பழத் தோலை எடுத்து, பிஸ்கட் என்று நினைத்தவளாக, கவனமாக அதைப் பாலில் நனைத்து வரிசையில் வைத்தாள்.

"பாரு, பொண்ணுக்குத் தூக்கம் வருது" என்று அண்ணி சிரித்தாள். "செல்வத்தைக் கட்டிக்கிட்டு வந்தா எனக்கு இப்படித்தான் சமைச்சுப் போடுவியாடி?"

"உனக்கென்ன?" என்றாள் சாந்தி. குரல் உரக்க வந்தது. "உன் வேலையைப் பாரு. போ."

அண்ணியின் விசிறி நின்றது.

"கமலா, இது என்ன பேச்சு?"

"அவ அப்படிச் சொல்லலீங்க…"

"அப்படித்தான் சொன்னேன்" என்றாள் சாந்தி. அதற்குப் பிறகு அவள் பேசியது இங்கிலீஷும் இல்லை, மலாயும் இல்லை, தமிழும் இல்லை. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். என் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. அதை நனைத்து, அவள் விட்ட இடைவெளியில் வைத்தேன். இன்னொன்றை எடுத்து நனைத்தேன். அண்ணி கோபமாக இருக்கிறாள், கோபம் அடங்கட்டும், ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிடலாம், இந்த வரிசை முடியட்டும் என்று நினைத்துக்கொண்டே அடுக்கினேன்.

சாந்தி பேசினின் பக்கம் சாய்ந்தாள். பிறகு தரையில் சாய்ந்தாள்.

6

"ஏய், புள்ளைக்கு என்ன ஆச்சு?" அண்ணி விசிறியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தாள். சாந்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, கொல்லையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"சர்க்கரை ஏறிடுச்சா கமலா?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு நான் நின்றுவிட்டேன்.

"எனக்குத் தெரியும்டி. நீங்க வந்த ரெண்டு மூணு நாள்லயே தெரியும். குளிக்கிற ரூம்ல இவ போயிட்டு வந்தா எறும்பு மொய்க்குது. எங்க அப்பாவுக்கு இருந்துச்சே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். இனிப்பு எதுவும் அவ கண்ணுல படாம பாத்துக்கிட்டேன். இன்னைக்குக் கூடப் பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்கும்னுதான் பழம் வேண்டாம்னேன். எங்க அப்பாவுக்கு வைத்தியர் பட்டினிதான் போடுவாரு. அப்புறம் எப்படி ஏறிச்சு?"

"ஏறல அண்ணி!" நான் கத்திவிட்டேன். "இறங்கிப் போச்சு! காலையில ஊசி போட்டுட்டேன். ஊசி போட்டா சாப்பிடணும். சாப்பிடலேன்னா செத்துடுவா அண்ணி!"

"ஊசியா?" அப்படி ஒரு ஊசியை அவள் கேள்விப்பட்டதில்லை, அவள் அப்பா காலத்தில் அந்த ஊசி அவர்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. ஆனால் மேலே எதுவும் கேட்கவில்லை. "எதைக் குடுக்கணும்? சொல்லு!"

டின் பாலைத் தூக்கிச் சாந்தியின் வாயில் சாய்த்தேன். பற்கள் கிட்டியிருந்தன. பால் கழுத்தில் வழிந்தது. "தள்ளு" என்று அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள். பேசினுக்குள் கைவிட்டு, அடுக்கெல்லாம் கலைய, கெட்டிப் பாலை அள்ளினாள். சாந்தியைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விரலால் தடவினாள், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற மாதிரி. தடவினாள், தொண்டையை நீவினாள், மறுபடி தடவினாள். "முழுங்குடி என் தங்கம். முழுங்கு. அத்தையத் திட்டு, பரவாயில்ல. முழுங்கிட்டுத் திட்டு."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தாடை அசைந்தது. முழுங்கினாள். வாய் கொஞ்சம் திறந்தது. நான் மாம்பழத்தைப் பிசைந்து ஊட்டினேன். வாழைப்பழத்தை ஊட்டினேன். ஊறிப்போன பிஸ்கட்டை ஊட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஈரமா இருக்கு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. என் சத்தம் கேட்டுத் துக்க வீட்டிலிருந்து பெண்கள் நான்கைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். எங்கள் கை, வாய், தரை, எல்லாம் பாலும் பழமும்.

"என்னம்மா இது? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஐயாவைக் கிடத்தியிருக்கு. இங்க உக்காந்து இனிப்புத் திங்கறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"புள்ளை உடம்பு சரியில்லாதது. நான்தான் ஊட்டினேன். பேசறதை என்கிட்ட பேசுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போனார்கள்.

7

நேற்று கூட்டத்தில் நான் பாதியில் விட்ட பண்டத்தைச் சாந்தியே செய்து முடித்தாள். எல்லாரும் வெட்டிச் சாப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்து அம்மாள் தட்டை நீட்டியபோது சாந்தி, "எனக்கு டயபெடீஸ் ஆன்ட்டி, எனக்கு ஆகாது" என்று தண்ணீர் கேட்கிற மாதிரிச் சொன்னாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இன்னும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் கதவைச் சாத்தத்தான் கை போகிறது.

அவள் கோலாலம்பூருக்குப் போய் நர்ஸ் படிப்புப் படிக்கப் போகிறாளாம். மனுப் போட்டுவிட்டாள். பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்று, அப்பாவின் கையெழுத்து எல்லாம் அவளே அலைந்து வாங்கினாள். மருத்துவப் பரிசோதனை என்று ஒரு பத்தி இருந்தது. மறைக்காமல் எழுதியிருக்கிறாள். எடுத்துக்கொள்வார்களோ, மாட்டார்களோ. எடுத்துக்கொண்டால் அங்கே அவளுக்குக் காலையில் யார் நேரத்துக்குச் சாப்பாடு போடுவார்கள் என்று நான் கேட்டேன்.

"நானே போட்டுக்குவேம்மா. ஊசியும் சாப்பாடும் என் உடம்புக்குள்ளதானே போகுது."

செல்வத்தைப் பற்றிய பேச்சை நானும் எடுக்கவில்லை, அண்ணனும் எடுக்கவில்லை. அண்ணி மட்டும் கப்பல் ஏற்ற வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்ட நான் கேட்டிருக்கணும். நீயும் சொல்லியிருக்கணும். ரெண்டு பேருமா சேர்ந்து புள்ளையைக் கொன்னிருப்போம்டி" என்றாள். இங்கே இரவில் படுத்தால் அந்தக் குரல்தான் வருகிறது. எழுந்துபோய்ச் சாந்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், வேர்த்திருக்கிறதா என்று. அவள் தூக்கத்திலேயே என் கையைத் தள்ளிவிடுகிறாள்.

8

அன்றைய பகலின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சாந்தி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அது முடிந்துவிடவில்லை. காலை மருந்து சாயங்காலம் வரை உள்ளே வேலை செய்யும். கொடுத்த இனிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். மறுபடி ஏதாவது போக வேண்டும், அதுவும் சோறோ இட்லியோ, உள்ளே தங்குகிற சாப்பாடு. பேசினில் மிச்சமிருந்தது கலைந்த கூழ். மாம்பழம் தீர்ந்திருந்தது.

அண்ணி சமையலறையைத் திறந்து, அணைந்த அடுப்பின் முன்னால் நின்றாள். ஈர விறகைப் பார்த்தாள். நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் தீப்பெட்டியை எடுக்கவில்லை. குளிர்ந்த பழம் ஊட்டியது ஒன்று, அடுப்பு மூட்டுவது வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கிடக்க, இந்தப் பக்கத்துப் புகைபோக்கியில் புகை எழும்பினால் தெரு முழுவதும் பார்க்கும். காலம் முழுக்க அந்தச் சுவரோடு வாழப்போகிறவள் அவள். நான் கப்பல் ஏறிப் போய்விடுவேன்.

கொல்லைப் பக்கம் பெண்களின் பேச்சு கிசுகிசுவென்று வந்தது. "மலாயாக்காரி" என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது. பிறகு, யாரோ விதவையிடமே போய்ச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒப்பாரி சட்டென்று நின்று, கொஞ்சம் கழித்துத் தொடர்ந்தது.

நாங்கள் மூவரும் பின்னறையில் உட்கார்ந்திருந்தோம். சாந்தியின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை ஈரமாகிறதா, ஆகிறதா என்று அதையே பார்த்தேன். ஒருமுறை ஆன மாதிரி இருந்தது. அது என் கை ஈரம்.

"அண்ணி, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

"சும்மா இரு. அவ கொட்டாவி விட்றாளா பாரு. அப்பவும் கொட்டாவிதான் விட்டா."

சாந்தி கொட்டாவி விட்டாள்.

அண்ணி எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். அலமாரியில் தீப்பெட்டி எடுக்கிற சத்தம் கேட்டது. அதே நேரத்தில் வாசலில் ஆட்கள் எழுந்து நிற்கிற அரவம், பெண்களின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. வையம்பட்டியிலிருந்து மகன் வந்துவிட்டார். அண்ணனின் குரலும் கேட்டது. அந்த மகன் அப்பா காலடியில் விழுந்து அழுகிறார் என்று கேட்டே தெரிந்தது. பிறகு நெடுநேரம் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை.

கொல்லைக் கதவு தட்டப்பட்டது.

அண்ணி தீப்பெட்டியோடு வந்து திறந்தாள். தலை நரைக்கத் தொடங்கிய மனிதர், பஸ் புழுதி படிந்த வேட்டி, தோளில் துண்டு, வீங்கிய கண். அவருக்குப் பின்னால் அண்ணன், பீரோ சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தார், காலையில் நான் சாவி தேடியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, நான்தான்…" என்று அண்ணி ஆரம்பித்தாள்.

அவர் தலையை அசைத்து அவளை நிறுத்தினார். சுவரில் சாய்ந்திருந்த சாந்தியைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க. பாப்பா முழிச்சுக்கிட்டாளா? தங்கச்சி ஊர்லேருந்து வரணும், நாங்க எடுக்கறதுக்கு இருட்டிடும். அதுவரைக்கும் எங்களுக்காகப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அடுப்பைப் பத்த வச்சு, புள்ளைக்குச் சோறு வடிச்சுப் போடுங்க."